கொக்கி, கூரை, வேலி

எண்டரைத் தட்டியாகிவிட்டது, இனி நம் கையில் ஒன்றும் இல்லை என்று சேர்மராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே கையைக் கீபோர்டில் வைத்தான், எடுத்தான், தொடைக்கடியில் கொடுத்து உட்கார்ந்தான், அங்கேயும் அது சும்மா இருக்கவில்லை, பத்து விரலும் நாற்காலிப் பிரம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தன. ஒற்றைக் காதில் மாட்டிய ஹெட்போனில் சத்தமே இல்லை. இருக்காது, அப்படித்தான் அவனே எழுதி வைத்திருக்கிறான். கணக்கு என்று ஒரே ஒரு வார்த்தை, ஒரு எண்டர், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் ஒரு முனையில் எழுத்தாக உள்ளே போய் மறுமுனையில் பிரெயில் புள்ளியாக வெளியே வர வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு வரி, வரிக்கு ஒரு வினாடி, இருபத்தைந்து நிமிஷம். கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவினான். பதினொன்று ஐம்பது. காலையிலிருந்து பாளையங்கோட்டை முழுக்கக் கரண்ட் இல்லை, மாதம் ஒரு சனிக்கிழமை கம்பியைச் சரிபார்க்கிறோம் என்று நிறுத்துவார்கள், அந்தச் சனிக்கிழமை இன்றைக்குத்தானா வர வேண்டும்? பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. எதிரே மைமூன் டீச்சர் தன் மடக்குக் கம்பை மடக்கி விரித்து, மடக்கி விரித்து, டக் டக் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. எம்.எஸ்ஸி. கணக்கு படித்துவிட்டு மூன்று வருஷமாக மேலப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை நடத்துகிறாள், கணக்கு வகுப்பு கேட்டால் தலைமையாசிரியர் சிரிக்கிறார். போன மாதம்தான் இறங்கி வந்தாராம். "புத்தகம் கையில இல்லாம என்னத்தம்மா பாடம் எடுப்பீங்க? வார இருபதாம் தேதி சனிக்கிழமை ஒரு மணிக்கு டைம்டேபிள்ல கையெழுத்துப் போடுதேன். அதுக்குள்ள முதல் பாடத்தப் பிரெயில்ல கொண்டாந்து வாசிச்சுக் காட்டுங்க, ஒன்பதாம் வகுப்பு உங்களுக்கு. இல்லன்னா வழக்கம்போல நீதிபோதனை." அந்த இருபதாம் தேதி இதுதான், அந்த ஒரு மணி இன்னும் எழுபது நிமிஷத்தில் வந்துவிடும்.

கட்டளை எழுதிக் கம்ப்யூட்டரை வேலை வாங்குகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வேலை நல்லபடி முடிந்தால் ஒன்றும் சொல்லாதே, கெட்டால் மட்டும் வாயைத் திற. மற்றவர்களுக்கு அது ஒரு கறுப்புத் திரை என்று கூட வேலை பார்க்கிற பேச்சிமுத்து சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அவனுக்கு அது ஒரு குரல், சளி பிடித்த பெண்குரல், எழுதியிருப்பதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிக்கிற குரல். இந்தப் பார்வையற்றோர் புத்தக நிலையத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் குரல் அவனைப் பைத்தியமாக்கப் பார்த்தது. என்னென்ன கோப்பு இருக்கிறது என்று கேட்டால் நானூற்றுப் பன்னிரண்டு பெயரையும் வரிசையாகச் சொல்லும், நடுவில் கோடு, புள்ளி, சாய்கோடு என்று ஒவ்வொன்றுக்கும் தலையில் குட்டும். அவன் அசந்து தூங்கி எழுந்தாலும் அது இருநூறைத் தாண்டியிருக்காது. ஒருநாள் ஆத்திரத்தில், பெயரெல்லாம் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் சொல் என்று ஒரு கட்டளையை எழுதி, அதற்கு 'எத்தன' என்று பட்டப்பெயர் வைத்தான். எத்தன, எண்டர். "நானூற்றுப் பன்னிரண்டு," என்று சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொண்டது. அன்றைக்கு அவனுக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து நின்று கைதட்டினான், பக்கத்து அறையிலிருந்து பேச்சிமுத்து ஓடிவந்து "என்ன அண்ணாச்சி, பாம்பா?" என்றான். அப்புறம் கை நிற்கவில்லை. திருநெல்வேலிக்காரனுக்குப் பட்டப்பெயர் வைக்கச் சொல்லியா தர வேண்டும்? நிற்கிற இடத்தைச் சொல்ல 'எங்க'. கடைசியாக எழுதியது எது என்று சொல்ல 'புதுசு'. அழித்ததைக் குப்பையிலிருந்து பொறுக்கிக்கொண்டு வர 'அய்யய்யோ'. ஒரு கோப்பின் கடைசியில் ஒரு வரி ஒட்ட 'சேர்'. பிரெயில் அடிக்கிற மெஷினுக்கு அனுப்ப 'போடு'. கட்டளை கேட்கத் தயாராக இருக்கிறேன் என்று சொல்வதற்கு முன்பெல்லாம் அந்தக் குரல் அவன் பெயர், ஊர், கம்ப்யூட்டரின் கோத்திரம் என்று முழு நீளத்துக்கு முழங்கும். அதை வெட்டி வெட்டிச் சின்னதாக்கி, கடைசியில் 'ம்' என்று ஒரே ஓர் எழுத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். வேலை முடிந்தால் "ம்" என்னும். இப்போது அவன் காத்திருப்பது அந்த ஒரு ம்-முக்காக.

"ஆச்சா அண்ணே?" என்றாள் மைமூன். "இப்பத்தான போட்டிருக்கேன் டீச்சர்." "இல்ல, சும்மா கேட்டேன்." டக் டக். அவளுக்குத் தெரியுமா, இந்தப் புத்தகம் உள்ளே போன கதை? எழுத்தை ஸ்கேன் செய்தால் கம்ப்யூட்டர் படித்துவிடும், கணக்கைப் படிக்காது. பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் கண்டால் அது உளறும். அதனால் பன்னிரண்டு சாயங்காலம் பேச்சிமுத்து புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு கண்ணால் கண்டதைச் சொன்னான், சேர்மராஜ் தட்டினான். பேச்சிமுத்து மெஷின் ஓட்டுகிறவன், நாற்பத்தைந்து வயது, எட்டாம் வகுப்பில் கணக்கு பரீட்சைக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். வர்க்கமூலம் என்று அவனுக்குத் தெரியாது. "அண்ணாச்சி, இங்க ஒரு கொக்கி கெடக்கு." "என்ன கொக்கி?" "கொக்கிதான். அதோட தலைல இருந்து ஒரு கூரை போவுது." "எவ்வளவு தூரம்வே போவுது?" "அஞ்சு, சைபர், ரெண்டும் கூரைக்குள்ள இருக்கு. அதுக்குப் பொறவு உள்ளது மழைல நிக்கிது." சேர்மராஜுக்குச் சட்டென்று புரிந்தது, ரூட் ஐம்பது. அன்றைக்கே முடிவு செய்தான், இவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதைவிட இவன் பாஷையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். கொக்கி, கூரை. அடைப்புக்குறிக்கு வேலி. தலைக்கு மேல் எழுதுகிற சின்ன எண்ணுக்குத் தோள்ல ஏறின ரெண்டு, தோள்ல ஏறின மூணு. பை என்பது ரெண்டு கால் ஸ்டூல். பெரிது சிறிது காட்டுகிற குறி காக்கா மூக்கு, வலது பக்கம் பார்க்கிற காக்கா, இடது பக்கம் பார்க்கிற காக்கா. முக்கோணம் சமோசா. அட்டவணை என்று ஒரு கோப்பு திறந்து, பேச்சிமுத்துவின் வார்த்தை ஒவ்வொன்றுக்கும் நேரே அதன் பிரெயில் குறியை எழுதினான். நூற்று நாற்பது வரி. கணக்கு என்று பெயர் வைத்த அந்தக் கட்டளைக் கோவை, அந்த ஸ்கிரிப்ட், செய்வதெல்லாம் இவ்வளவுதான்: பாடத்திலிருந்து ஒரு வரியை எடு, அட்டவணையைத் திற, நூற்று நாற்பதையும் ஒத்துப் பார், மாற்று, மூடு, அடுத்த வரியை எடு, மறுபடி அட்டவணையைத் திற. ஒவ்வொரு வரிக்கும் அட்டவணையைப் புதிதாகத் திறப்பதால்தான் இந்த ஆமை வேகம். சென்னையில் கம்ப்யூட்டர் படித்த ஒருவர் வந்தபோது இதைக் கேட்டுவிட்டு, "ஒரே தடவை திறந்து மனசுல வச்சுக்கக் கூடாதா சார், இப்படியா எழுதுவாங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். அவருக்குச் சமோசா என்றால் தின்னத்தான் தெரியும்.

முள்ளைத் தடவினான். பதினொன்று ஐம்பத்து மூன்று. மூன்று நிமிஷம்தானா ஆகிறது? உள்ளங்கை வேர்த்திருந்தது, சட்டையில் துடைத்தான். பயமா என்று கேட்டால் பயம் இல்லை, சந்தோஷம்தான், பொறுக்க முடியாத சந்தோஷம், மெஷின் அறையிலிருந்து வருகிற கெட்டிக் காகிதத்தின் வாசனைகூட இன்றைக்கு ஒரு மாதிரி நன்றாக இருந்தது. கணக்கு. அவன் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது கணக்கு பீரியட் மணி அடித்ததும், "சேர்மா, நீ வராந்தாவுல போய் உக்காருடே, ஒனக்கு எதுக்கு இது," என்பார் வாத்தியார், அன்பாகத்தான் சொல்வார், அந்த அன்பில்தான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வராந்தாவில் சுவரோடு காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாக்பீஸ் சத்தம் கேட்கும். டொக், ஒரு எண். டொக், இன்னொரு எண். நீளமாக ஒரு கீச், அது பின்னத்தின் நடுக்கோடு. குட்டையாக ஒன்று, கீழிருந்து மேலே ஒன்று, அப்புறம் நீ...ளமாக ஒன்று; அது என்ன என்று இரண்டு மாதம் மண்டையைக் குடைந்து, கடைசியில் பக்கத்து பெஞ்சுப் பையனைக் கேட்டான். ரூட்லா அது, என்றான் அவன். ஏதோ புதையல் கிடைத்தது போல அன்று இரவு தூக்கம் வரவில்லை. கணக்கை அவன் படிக்கவில்லை, வாசலில் நின்று ஒட்டுக்கேட்டான், அவ்வளவுதான். மைமூன் அப்படி இல்லை. அவள் எப்படியோ உள்ளே புகுந்து, தோழிகளை வாசிக்கச் சொல்லி, மனதிலேயே போட்டு, எம்.எஸ்ஸி. வரைக்கும் போய்விட்டாள். அவளை இப்போது வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு நீதிபோதனை நடத்து என்கிறார்கள். நடத்த மாட்டாள். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குள் அவள் நுழைவாள், கையில் இந்தப் பாடம் இருக்கும், பிள்ளைகள் எழுந்து நிற்கும்... ஓடு, ஓடு, என்று கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டை அசைத்தான். அது ஓடுகிறதா? ஓடும். ஓடவில்லை என்றால் சொல்லியிருக்குமே. கெட்டால் வாயைத் திற என்பதுதானே வழக்கம்.

சொல்லியிருக்குமா? இங்கேதான் சேர்மராஜின் மனசு முள்ளில் மாட்டிய துணியாக நின்றது. அது வாயைத் திறக்காதே. அவன்தானே அடைத்தான். போன புதன்கிழமை சோதனைக்காக ஓட்டியபோது, பேச்சிமுத்துவின் வார்த்தைகளில் அட்டவணையில் இல்லாதவை பத்து இருபது வந்தன, ஒவ்வொன்றுக்கும் அந்தக் குரல் எச்சரிக்கை வரி எண் இத்தனை எச்சரிக்கை வரி எண் இத்தனை என்று ஒப்பாரி வைத்தது, அந்த நேரம் பார்த்து நிலையத்தின் பொறுப்பாளர் போனில் வந்து அரசாங்கக் கடிதம் ஒன்றைப் பற்றி விசாரிக்க, ஒரு காதில் அவர், ஒரு காதில் எச்சரிக்கை, இரண்டும் புரியாமல் இரண்டுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, போனை வைத்த கையோடு, இனி எந்த முறையீடும் என் காதுக்கு வரக்கூடாது என்று ஸ்கிரிப்ட்டின் கடைசியில் சேர்த்துவிட்டான். கம்ப்யூட்டருக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது, எதைக் கொட்டினாலும் விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது. எச்சரிக்கையெல்லாம் அந்தப் பள்ளத்துக்குப் போ என்று எழுதினான். இப்போது அது சொல்லிக்கொண்டிருக்கலாம். வரி நூறு தப்பு, வரி நூற்றைந்து தப்பு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கலாம், எல்லாம் பள்ளத்தில். நல்லதுக்கும் சத்தமில்லை, கெட்டதுக்கும் சத்தமில்லை, இது என்ன ஏற்பாடு? வாயை அடைத்தவன் எடுத்துவிட வேண்டாமா? மறந்தே போனான். சீ, இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, அந்தப் பத்து இருபது வார்த்தையையும் அன்றைக்கே அட்டவணையில் எழுதிவிட்டானே. ஆனால் அன்றைக்கு ஓட்டியது முதல் முந்நூறு வரிதானே. மிச்சத்தில்? பேச்சிமுத்து எல்லா நாளும் ஒரே மாதிரியா பேசினான்? ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போய்விட்டு, திங்கட்கிழமை முழுக்க அந்தக் கெளுத்தியின் நீளத்தைக் கையை விரித்து, அதுவும் கண் தெரியாதவனிடம், காட்டிக்கொண்டிருந்தானே. அன்றைக்கு அவன் சொன்னது கொக்கியா? "அண்ணாச்சி, இங்க ஒரு தூண்டில் கெடக்கு." சொன்னானா? சொன்ன மாதிரி இருக்கிறது. சொல்லியிருந்தால் சேர்மராஜின் விரல் என்ன தட்டியிருக்கும்? இந்த விரல்களுக்குச் சொந்த புத்தி கிடையாது, காதில் விழுந்ததைத் தட்டிவிட்டுப் போய்விடும். அட்டவணையில் இல்லாத வார்த்தையை ஸ்கிரிப்ட் அப்படியே விட்டுவிட்டுப் போகும். வர்க்கமூலம் விழுந்துபோனால் ரூட் ஐம்பது வெறும் ஐம்பதாகிவிடும், அதைத் தலைமையாசிரியர் முன்னால் மைமூன் வாசிப்பாள், அவர் அதே அன்போடு, "பாத்தீங்களாம்மா, இதுக்குத்தான் சொன்னேன்," என்பார்.

நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டலாமா? மணி பதினொன்று ஐம்பத்தாறு. மறுபடி இருபத்தைந்து நிமிஷம், மெஷின் நாற்பது பக்கம் அடிக்கப் பதினேழு நிமிஷம், மேலப்பாளையத்துக்கு ஆட்டோவில் இருபது நிமிஷம், பன்னிரண்டு ஐம்பத்தெட்டு ஆகிவிடும், ஆட்டோ பிடிக்கக்கூட நேரம் மிஞ்சாது, ஆகாது. தொடைக்கடியிலிருந்து கையை உருவினான். ஓடுகிறது ஓடட்டும், பக்கத்தில் இன்னொரு திரையைத் திறந்தான். "ம்," என்றது. 'எத்தன' பக்கத்தில் ஒரு வார்த்தையைப் போட்டால் பாடத்தில் அது எத்தனை தடவை வருகிறது என்றும் சொல்லும். எத்தன தூண்டில், எண்டர். "மூன்று," என்றது குரல், எந்த வருத்தமும் இல்லாமல். "வே பேச்சி!" என்று வாய்விட்டே கத்திவிட்டான். "என்ன அண்ணாச்சி?" "ஒண்ணுமில்ல, இரும்." மைமூனின் கம்பு நின்றுவிட்டது. எங்கெங்கே என்று கேட்டான். "நானூற்று முப்பத்தொன்று. நானூற்று முப்பத்தெட்டு. தொள்ளாயிரத்து இரண்டு." ஸ்கிரிப்ட் இப்போது எந்த வரியில் நிற்கிறது? வெளியே வந்த வரிகளை எண்ணச் சொன்னான். "முந்நூற்று எண்பத்தொன்பது." இன்னும் வரவில்லை! தூண்டிலை அது இன்னும் தொடவில்லை! நாற்பத்திரண்டு வரி, நாற்பத்திரண்டு வினாடி. அட்டவணையை அது வரிக்கு வரி புதிதாகத் திறக்கிறதே, அந்தச் சென்னைக்காரர் சிரித்தாரே, சிரிக்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும், இந்த நிமிஷம் அட்டவணையில் ஒரு வரி ஒட்டினால் அடுத்த வினாடியே அதன் கண்ணில் படும். ஒட்டு. சட்டென்று விரல் நின்றது. கோப்பில் ஒரு வரி ஒட்ட இரண்டு அம்புக்குறி போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் கம்ப்யூட்டர் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு எழுதும், நூற்று நாற்பதும் போய் வெறும் தூண்டில் மட்டும் மிஞ்சும். முன்பு ஒரு தடவை அப்படித்தான் ஒரு கதைப் புத்தகமே போயிற்று. அதற்குத்தானே 'சேர்' என்று ஒன்று வைத்தோம், அட மடையா, அது இருக்கிறது, அதைக் கூப்பிடு. முப்பது வினாடி. சேர் அட்டவணை தூண்டில்... இதற்கு நேரே கொக்கியின் பிரெயில் குறி, ஆறு புள்ளியில் மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது, தப்பாமல். இருபது. அவசரத்தில் த-வுக்குப் பதில் வேறு எதுவோ விழுந்தது, அழித்தான், மறுபடி தட்டினான், குரலைத் திரும்ப வாசிக்கச் சொல்ல நேரமில்லை, ஆனால் வாசிக்காமல் எப்படி, வாசி, "தூண்டில்," என்றது, அட நல்லவளே. எண்டர். "ம்." எண்ணு. "நானூற்று இருபத்தாறு." ஐந்து வினாடி மிச்சம் இருந்திருக்கிறது. நானூற்று முப்பத்தைந்து ஆகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு நானூற்று முப்பத்தொன்றாம் வரியை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னான். மூன்று நாலு ஐந்து. கொக்கி இருக்கிறது. கூரை இருக்கிறது. ரூட் பதினெட்டு. "என்ன அண்ணே, ஏதும் பிரச்சினையா?" என்றாள் மைமூன். "இருந்துச்சு டீச்சர், இப்ப இல்ல," என்றான். பிறகு சிரித்தான், தனியாக, கொஞ்சம் அதிகமாகவே.

பன்னிரண்டு பதினைந்துக்கு அந்த ம் வந்தது. உலகத்தில் எந்தப் பாட்டும் அப்படி இனித்ததில்லை. போடு, எண்டர். அடுத்த அறையில் மெஷின் தன் இரும்பு வயிற்றைக் குலுக்கிக்கொண்டு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது, மேசை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பேச்சிமுத்து ஒவ்வொரு தாளாகக் கிழித்து மைமூனின் கையில் கொடுத்தான், தாள் சூடாக இருந்ததோ என்னவோ அவள் முதல் தாளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள் என்று பேச்சிமுத்து பிறகு சொன்னான். அப்புறம் அவளுடைய விரல் தாளில் உரசுகிற சத்தம் மட்டும், மெஷினின் இரைச்சலுக்கு நடுவிலும் சேர்மராஜுக்குக் கேட்டது, அதை மட்டும்தான் அவன் கேட்டான். வேகமாகப் போகிறது, நல்லது. நிற்கிறது, ஐயோ. திரும்பப் போகிறது. பின்னம் வந்திருக்கும், தொடக்கக் குறி, கோடு, முடிவுக் குறி, எல்லாம் இருக்கிறதா, இருக்கும்போல, போகிறது. எட்டாவது தாள், ஒன்பதாவது தாள். காக்கா மூக்கெல்லாம் சரியான பக்கம் பார்க்கிறதா? வேலி ஒவ்வொன்றும் மூடியிருக்கிறதா? பதினெட்டாவது தாளில் விரல் நின்றது. திரும்பியது. மறுபடி அதே வரி. மறுபடி. மூன்று தரம். "அண்ணே," என்றாள், "இது தப்பு."

தப்பு. "எது டீச்சர்?" "எடுத்துக்காட்டு ஏழு. ரூட் ஐம்பது கூட்டல் ரூட் பதினெட்டு. அஞ்சு ரூட் ரெண்டும் மூணு ரூட் ரெண்டும், எட்டு ரூட் ரெண்டு வரணும். இங்க ஒன்பது ரூட் ரெண்டுன்னு இருக்கு." எட்டு எப்படி ஒன்பதாகும்? மெஷினில் ஒரு ஊசி அடிக்காமல் போனால்? எட்டுக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஆனால் ஒன்றை எடுத்தால் மற்றது வராது, புள்ளிகள் இருக்கிற இடமே வேறு. அப்படியானால் விரல். அவன் விரல்தான். அல்லது அட்டவணை, கடைசி நேரத்தில் ஒட்டிய அந்த வரி எதையாவது கெடுத்துவிட்டதா, எல்லா எட்டையும் ஒன்பதாக்கிவிட்டதா, நாற்பது பக்கமும் போயிற்றா? மணி பன்னிரண்டு இருபத்தைந்து. "பேச்சி, அந்தப் புத்தகத்தை எடும்வே. எடுத்துக்காட்டு ஏழு, கடைசி வரி." பக்கம் புரள்கிற சத்தம், எச்சில் தொட்டுப் புரட்டுகிறான், பாவி, இப்போதா எச்சில் தொடுவது? "ஒம்பது அண்ணாச்சி." "நல்லாப் பாரும்." "நல்லாத்தான் பாத்தேன். எட்டுக்கு ரெண்டு வயிறு இருக்கும்லா, இதுக்கு ஒரு வயிறுதான் இருக்கு. ஒம்பது, பக்கத்துல கொக்கி, கூரைக்குள்ள ரெண்டு." மெஷின் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அச்சடித்தவர்கள், சரிபார்த்தவர்கள், வருஷா வருஷம் வாங்கிப் படித்தவர்கள், கண்ணுள்ள அத்தனை பேரும் அதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், இவள் விரல் தாண்டவில்லை. சேர்மராஜுக்குத் தலைகால் புரியவில்லை, எழுந்து நின்றான், நின்றது எதற்கென்று தெரியாமல் அப்படியே நின்றான். அந்தச் சமயத்தில் மைமூனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். "என்னம்மா, வாரீங்களா இல்லையா? ஒரு மணிக்கு நான் கெளம்பணும்," என்றார் தலைமையாசிரியர். "பாடம் வந்தாச்சு சார். வாசிச்சுட்டுத்தான் இருக்கேன். எடுத்துக்காட்டு ஏழுல விடை தப்பா இருக்கு சார்." "அது பிரெயில்ல தப்பா வந்திருக்கும்மா. நாந்தான் சொன்னேனே..." "இல்ல சார், புத்தகத்துலயே தப்பு. எட்டு ரூட் ரெண்டு வரணும். ஒன்பதுன்னு போட்டிருக்கு. உங்க மேசைல புத்தகம் இருக்கும், பாருங்க சார்." இழுப்பறை திறந்தது. பக்கம் புரண்டது. அதன்பின் பேனா தாளில் ஓடியது, அது நின்று மறுபடி ஓடியது. சேர்மராஜ் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். "எட்டுதான்மா வருது," என்றார் அவர், வேறு யாரோ பேசுவது போல. "நாலு வருஷமா இதைத்தான் நான் நடத்துதேன்." மைமூனின் விரல் அடுத்த வரிக்குப் போனது. "அவசரமா ஆட்டோ பிடிக்க வேண்டாம், மெதுவா வாங்க. நீங்க வந்த பொறவு கையெழுத்துப் போடுதேன். திங்கக்கிழம முதல் பீரியட், ஒன்பது பி." போனை வைத்துவிட்டார். சேர்மராஜ் அழுதான், வெட்கப்படாமல் அழுதான், பேச்சிமுத்து "கெளுத்திய விடப் பெரிசு அண்ணாச்சி இது, கெளுத்திய விடப் பெரிசு" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். மைமூன் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டினாள். "மிச்சம் எத்தனை தாள் இருக்குண்ணே?" "இருபத்திரண்டு டீச்சர்." "குடுங்க," என்றாள் அவள். "இன்னும் எங்கெங்க தப்பா போட்டிருக்காங்கன்னு பாத்துட்டே போறேன்."